நாய் கொட்டாவி விட்டால் தூக்கமா, பயமா?

கருப்பன்_அம்மா | ஞாயிறு, இரவு 10:12

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய். மூன்று வயது. தெருவில் குட்டியாகக் கிடந்தவனை எடுத்து வளர்த்தோம். நேற்று தடுப்பூசி போடக் கூட்டிப் போயிருந்தேன். வரிசையில் முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் கொட்டாவிக்கு மேல் கொட்டாவி விட்டுத் தள்ளினான். பக்கத்தில் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்தவர், "ராத்திரி முழுக்கக் குரைச்சிருப்பான் போல, இன்னைக்காவது தூங்க விடுங்கம்மா" என்றார். உண்மையில் காலையிலிருந்து மதியம் வரை கட்டிலுக்கு அடியில் நன்றாகத் தூங்கிவிட்டுத்தான் வந்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது வேறு சிலதும் நினைவுக்கு வந்தது. வீட்டுப்பாடம் செய்யாததற்காக மகனை என் கணவர் சத்தம் போட்டால் கருப்பன் மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். இரவில் நான் டிவி முன்னால் கொட்டாவி விட்டால் கொஞ்ச நேரத்தில் அவனும் விடுவான். மாமியாரைக் கேட்டால், "கண்ணு பட்டிருக்கு, உப்பும் மிளகாயும் சுத்திப் போடு" என்கிறார். மூன்றும் ஒரே கொட்டாவியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம் | திங்கள், காலை 9:40

தலைப்பைப் படித்தேன், ஒன்று. பதிவைப் படித்தேன், இரண்டு. மேனேஜர் எதிர் சீட்டில் இருக்கிறார். நான் கிளம்புகிறேன்.

சேலத்துச்_செந்தில் | திங்கள், காலை 10:05

இதில் என்ன குழப்பம்? உடம்பில் ஆக்ஸிஜன் குறைந்து கரியமில வாயு கூடினால், பெரிதாக ஒரு மூச்சை இழு என்று மூளை சொல்கிறது. அதுதான் கொட்டாவி. நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கூட்டம், காற்றோட்டம் இருந்திருக்காது. நாய்க்கும் நமக்கும் ஒரே கணக்குதான். பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.

பழைய_வாத்தியார் | திங்கள், மதியம் 1:30

//பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே.//

செந்தில் தம்பி, அதை அப்படிச் சொல்லிக்கொடுத்த ஆசாமிகளில் நானும் ஒருவன். இருபத்தெட்டு வருடம் விலங்கியல் எடுத்தேன். அது தப்பு என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புரொவைன் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1987இல் இதை நேரடியாகச் சோதித்தார்கள். மாணவர்களுக்குச் சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். வேறொரு தடவை 3 சதவீதமும் 5 சதவீதமும் கரியமில வாயு கலந்த காற்று. நாம் சாதாரணமாக இழுக்கும் காற்றில் அது 0.04 சதவீதம்தான் என்பதை நினைவில் வையுங்கள். கரியமில வாயு கூடியபோது மூச்சு வேகமானது, கொட்டாவி கூடவில்லை. முழு ஆக்ஸிஜன் கிடைத்தபோது கொட்டாவி குறையவும் இல்லை. உடற்பயிற்சி செய்ய வைத்தும் பார்த்தார்கள், அப்போதும் மூச்சுதான் மாறியது. மூச்சுக்கு ஒரு கணக்கு, கொட்டாவிக்கு வேறு கணக்கு என்று ஆகிவிட்டது.

இன்னொன்று. வயிற்றில் இருக்கும் சிசுவும் கொட்டாவி விடுகிறது. இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தார் 24 வாரத்திலிருந்து 36 வாரம் வரை 15 சிசுக்களை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்து 2012இல் எழுதினார்கள். வெறுமனே வாய் திறப்பது வேறு, கொட்டாவி வேறு என்று பிரித்து எண்ணினார்கள். 28 வாரத்துக்குப் பிறகு கொட்டாவி குறைந்துகொண்டே போனதாம். பனிக்குட நீருக்குள் எந்தக் காற்றை இழுக்கப் போகிறது அது? தூங்கி விழவும் அதற்குக் காரணம் இல்லை.

எனக்கு இதில் ஒரு சொந்த உறுத்தல் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், நான் பாடம் எடுக்கும்போது முகத்துக்கு நேராகக் கொட்டாவி விட்டான் என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். அன்று அவனுக்குப் பரீட்சை விடைத்தாள் கொடுக்கும் நாள். தூக்கம் என்றும் திமிர் என்றும் நான்தான் முடிவு பண்ணினேன். பயமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நாலுகால்_நட்பு | திங்கள், மாலை 6:48

கருப்பன் அம்மா, நான் நாய்களைப் பழக்குகிறவள். இந்தக் கேள்வி வாரம் ஒரு தடவையாவது என்னிடம் வரும். மருத்துவர் வாசலில் விட்டது தூக்கக் கொட்டாவி அல்ல. பதற்றத்தில் வருவது. நார்வேக்காரர் டூரிட் ருகாஸ் இந்த மாதிரி உடல்மொழியை எல்லாம் பட்டியல் போட்டிருக்கிறார். எதிரில் இருப்பவரையும் தன்னையும் சமாதானப்படுத்த நாய் செய்யும் குறிப்புகள் என்பார். கொட்டாவி அதில் ஒன்று. எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தவா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆனால் நாய் நெருக்கடியில் இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? கொட்டாவியை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே என்ன வருகிறது என்று பாருங்கள். ஒன்றும் சாப்பிடாமலே மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தைத் திருப்பும். கண்ணின் வெள்ளை பிறைபோல ஓரத்தில் தெரியும். காது பின்னால் படுத்திருக்கும். வால் கால் இடுக்கில் போயிருக்கும். குளிக்காமலே, நனைந்த மாதிரி உடம்பை உதறும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பயம்தான். உடம்பைத் தளர்த்திப் படுத்துக்கொண்டு, முன்கால் இரண்டையும் நீட்டி நெளிந்து விட்டால் அது சாதாரணத் தூக்கக் கொட்டாவி.

மகனைத் திட்டும்போது விடுவதும் முதல் வகைதான். உங்கள் கணவரின் குரல் அவனுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறது. அடுத்த தடவை டோக்கன் வாங்கிவிட்டு வெளியே மரத்தடியில் நில்லுங்கள். முறை வந்ததும் உள்ளே போனால் போதும். வேறு நாயோடு முகத்துக்கு முகம் உட்கார வைக்காதீர்கள். "ஒண்ணுமில்லடா" என்று தலையில் தட்டிக்கொண்டே இருப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அமைதியாக இருந்தாலே போதும்.

சேலத்துச்_செந்தில் | திங்கள், இரவு 8:15

சரி, வாத்தியார் ஐயா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அப்போ கொட்டாவி எதற்குத்தான் வருகிறது? ஒரு பிரயோஜனமும் இல்லாமல் இத்தனை பிராணிகளுக்கு வருமா?

பழைய_வாத்தியார் | செவ்வாய், காலை 7:10

நல்ல கேள்வி. இப்போது அதிகம் அடிபடும் விளக்கம், மூளையைக் குளிர்விக்கத்தான் என்பது. ஆண்ட்ரூ கேலப் என்ற அமெரிக்கர் 2007லிருந்து இதைச் சொல்லி வருகிறார். தாடையை அகலத் திறந்தால் முகத்திலும் தலையிலும் ரத்த ஓட்டம் கூடும், உள்ளே இழுக்கும் காற்று அந்த ரத்தத்தைக் குளிர வைக்கும் என்பது அவர் கட்சி. கொட்டாவி விடுகிறவர்களின் வீடியோவைக் காட்டி, பார்ப்பவர்களின் நெற்றியில் ஒரு பையை வைத்தார்கள். சூடான பை வைத்தவர்களில் 41 சதவீதம் பேருக்குக் கொட்டாவி தொற்றியது. குளிர்ந்த பை வைத்தவர்களில் 9 சதவீதம்தான். மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொன்ன கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை.

2021இல் அவரும் கூட்டாளிகளுமாக 101 இனங்களின் கொட்டாவிகளை வீடியோவில் அளந்தார்கள். 55 பாலூட்டிகள், 46 பறவைகள். மொத்தம் 1,291 கொட்டாவி. (இப்படியும் ஒரு உத்தியோகம்!) மூளை பெரிதாகவும் நரம்பணுக்கள் அதிகமாகவும் இருந்தால் கொட்டாவி நீள்கிறது. உடம்பின் பருமனை வைத்து இதை விளக்க முடியவில்லை. மனிதக் கொட்டாவி சராசரியாக ஆறு விநாடி ஓடும்.

வேலூர்_வெயில் | செவ்வாய், காலை 7:55

ஐயா, மூளையைக் குளிர்விக்க என்றால் எங்கள் ஊரில் மே மாதம் முழுக்க வாய் மூடாமல் இருக்க வேண்டுமே?

பழைய_வாத்தியார் | செவ்வாய், காலை 8:30

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெளிக்காற்றே உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டால் அதை இழுத்து என்ன குளிரும்? அரிசோனாவில் டூசான் என்ற பாலைவன ஊரில் தெருவில் போகிறவர்களிடம் கொட்டாவிப் படம் காட்டிப் பார்த்தார்கள். 22 டிகிரி குளிர்காலத்தில் 45 சதவீதம் பேர் விட்டார்கள். 37 டிகிரி கோடையில் 24 சதவீதம். வியன்னாவில் செய்தபோது தலைகீழ். அங்கே உறைபனிக்குப் பக்கத்தில் இருக்கும் குளிர்காலத்தில் குறைவு, இதமான கோடையில் அதிகம். ஆக, வேலூர்க்காரர்கள் மார்கழியில் விடலாம். ஆனால் இதுவே முடிவான பதில் என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, எதிர்த்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது, உடம்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் இடத்தில்தான் கொட்டாவி அதிகம் வருகிறது. தூக்கத்துக்குப் போகும்போது, விழிக்கும்போது, பயம் வரும்போது. பனித்தளத்தில் வேகச்சறுக்கு வீரராக இருந்த அமெரிக்கர் அபோலோ ஓனோ ஒலிம்பிக் பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் கொட்டாவி விடுவார். அந்த நேரத்தில் தூக்கமா வரும்?

ராத்திரி_லாரி | செவ்வாய், இரவு 11:20

வாத்தியார் சொல்வது எங்களுக்கு அனுபவப் பாடம். கிளீனர் தம்பி ஒரு கொட்டாவி விட்டால் எனக்கும் வந்துவிடும். பத்து நிமிடத்தில் மூன்று வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுத்தான் எடுப்பேன். டீ குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தவர்கள் கதை எல்லாம் எனக்குத் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நான்கு வருடம் முன்பு ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில் இறங்கி நெளித்து ஒரு கொட்டாவி விட்டேன். வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. மூட வரவில்லை. காதுக்கு முன்னால் உயிர் போகிற வலி. பேச முடியாமல் "ஆ... ஆ..." என்று கை காட்டுகிறேன், கிளீனர் நான் நடிக்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரிக்கிறான். கடைக்காரர்தான் புரிந்துகொண்டு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப்பல் மேல் வைத்து, கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து கொட்டாவி வந்தால் முதலில் கை தாடைக்குக் கீழே போய்விடும்.

நைட்டிங்கேல்_சிஸ்டர் | புதன், காலை 6:15

லாரி அண்ணா, துணி சுற்றியது அவருடைய விரலைக் காப்பாற்ற. தாடை உள்ளே போகும்போது பல் பட்டென்று மூடும், விரல் சிக்கினால் அவ்வளவுதான். கீழ்த்தாடையின் முனை எலும்பு தன் குழியிலிருந்து முன்னால் இருக்கும் மேட்டைத் தாண்டிப் போய்விடுவதால் இப்படி ஆகிறது. இதைப் படிக்கிற யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஒரு தடவை விலகியவர்களுக்கு மறுபடியும் விலகக்கூடும். நீங்கள் கையை முட்டுக் கொடுப்பது சரியான பழக்கம்.

பிள்ளைத்தமிழ் | புதன், காலை 11:02

சிஸ்டர், அப்பாவுக்கு மன அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம். நன்றாகத் தூங்குகிறார், ஆனால் பகலெல்லாம் ஓயாமல் கொட்டாவி. சம்பந்தம் இருக்குமா?

நைட்டிங்கேல்_சிஸ்டர் | புதன், மதியம் 2:40

இருக்கலாம். மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மாத்திரைகளில் சிலருக்கு இந்தப் பக்கவிளைவு உண்டு. கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன்னால் கொட்டாவி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் திடீரென்று விடாமல் கொட்டாவி வந்து, கூடவே வாய் கோணினாலோ, கை இழுத்துக்கொண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

டாப்சிலிப்_மணி | புதன், இரவு 9:00

குரங்கை விட்டுவிட்டீர்களே. மலைப்பாதையில் சுற்றுலா வருகிறவர்கள் நாட்டுக்குரங்குக் கடுவன் வாயைப் பிளந்தால், "பாவம், தூக்கம் வருது" என்று செல்ஃபி எடுப்பார்கள். அது கோரைப்பல்லைக் காட்டுகிறது ஐயா! "கிட்ட வராதே" என்று அர்த்தம். அடுத்த நொடி வாழைப்பழமும் போகும், சில சமயம் மூக்குக் கண்ணாடியும் போகும். பாபூன் குரங்குகள் இப்படிப் பல்லைக் காட்டி மிரட்டுவதை டார்வினே 1872இல் எழுதிவிட்டார். நீர்யானை வாயை அகலப் பிளப்பதும் பெரும்பாலும் மிரட்டல்தான்.

சிங்கம் வேறு ரகம். தென்னாப்பிரிக்காவில் மகலாலி காட்டில் சிங்கக் கூட்டங்களைப் பார்த்து 2021இல் எழுதினார்கள். ஒன்றின் கொட்டாவி இன்னொன்றுக்குத் தொற்றினால், பிறகு முதல் சிங்கம் எழுந்தால் இரண்டாவதும் எழுகிறது, படுத்தால் படுக்கிறது. தொற்றாத சமயத்தோடு ஒப்பிட்டால் 11 மடங்கு. கூட்டமாக வேட்டையாடும் பிராணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது லாபம்தானே.

அரைத்தூக்கம் | வியாழன், காலை 9:35

திரும்ப வந்துவிட்டேன். இதுவரை பதினொன்று. மேனேஜருக்கும் தொற்றிவிட்டது.

கருப்பன்_அம்மா | வியாழன், மதியம் 3:15

எல்லோருக்கும் நன்றி. முதல் இரண்டும் புரிந்தது. மூன்றாவது? என்னைப் பார்த்து அவன் விடுவது பாசமா?

நாலுகால்_நட்பு | வியாழன், மாலை 5:30

அதற்கு ஆய்வே இருக்கிறது. லண்டனில் 2008இல் 29 நாய்கள் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்துக் கொட்டாவி விட்டார். 21 நாய்கள் திருப்பி விட்டன. வாயை மட்டும் சும்மா திறந்து மூடியபோது ஒன்றுகூட விடவில்லை. 2013இல் டோக்கியோவில், அந்நியரைவிட வளர்ப்பவரின் கொட்டாவிதான் அதிகம் தொற்றுகிறது என்று கண்டார்கள். இதயத் துடிப்பையும் அளந்தார்கள், மாற்றம் இல்லை. அதனால் அது பயக் கொட்டாவியும் இல்லை. பாசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

நிலா_அம்மா | வியாழன், இரவு 10:50

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இன்று எழுத வேண்டும்போல இருக்கிறது. என் மகனுக்கு ஆட்டிசம். "அடுத்தவர் கொட்டாவி தொற்றாதவர்களுக்கு இரக்கம் கிடையாது" என்று குடும்ப வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அதற்குக் கீழே ஒரு உறவினர், ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தொற்றாது என்று ஒரு இணைப்பைப் போட்டார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லைதான். அன்று முழுக்க அவன் முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ரயில் பொம்மையை நகர்த்திக்கொண்டே இருந்தான்.

பழைய_வாத்தியார் | வெள்ளி, காலை 5:45

அம்மா, அந்த இணைப்பின் மீதிக் கதையை யாரும் வாட்ஸப்பில் போட மாட்டார்கள். தொற்றவில்லை என்று 2007இல் எழுதியது அட்சுஷி செஞ்சு குழுவினர். அதே குழுவினர் பிறகு குழந்தைகளை வீடியோவில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் மற்றவர்களைப் போலவே தொற்றியது. முதல் தடவை குழந்தைகள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், அதனால் கொட்டாவியும் கண்ணில் பட்டிருக்காது. உங்கள் பையன் ரயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எந்தக் குழந்தைக்குமே நான்கைந்து வயதுவரை இது சரியாகத் தொற்றுவதில்லை. பெரியவர்கள் விஷயத்தில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2014இல் 328 பேருக்கு மூன்று நிமிட வீடியோ காட்டினார்கள். 222 பேர் விட்டார்கள், 106 பேர் விடவில்லை. விடாதவர்களுக்கு இரக்கம் குறைவு என்று ஒன்றும் தெரியவில்லை. வயது கூடக் கூடக் கொஞ்சம் குறைகிறது என்பது மட்டும் தெரிந்தது, அதுவும் 8 சதவீத வித்தியாசத்தைத்தான் விளக்கியது. உறவுக்காரரின் கொட்டாவி அந்நியருடையதைவிட அதிகம் தொற்றுகிறது என்று 2011இல் இத்தாலிக்காரர்கள் எழுதியது உண்மைதான். ஆனால் நம்மவர்கள் முகத்தைத்தானே நாம் அதிகம் பார்க்கிறோம்?

நாலுகால் நட்பு அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ள வேண்டாம். நாய் ஆய்வுகள் ஆறின் தரவுகளைச் சேர்த்து 2020இல் மறுபடி அலசினார்கள். நாய்க்குக் கொட்டாவி தொற்றுகிறது, சரி. வளர்ப்பவருடையதுதான் அதிகம் தொற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நாலுகால்_நட்பு | வெள்ளி, காலை 8:20

கோபம் இல்லை ஐயா. அந்தக் கட்டுரையை நான் பார்த்திருக்கவில்லை. ஆனால் என் டைகர் என்னைப் பார்த்து மட்டும்தான் விடுகிறான் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிலா_அம்மா | வெள்ளி, காலை 8:41

நன்றி ஐயா. குழுவில் போட்டுவிட்டேன். இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அகத்தியர்_அடியேன் | வெள்ளி, மாலை 4:00

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சொல்லியிருக்கிறது. தும்மல், பசி, இருமல், கண்ணீர் இவற்றோடு கொட்டாவியும் அதில் உண்டு. என் பாட்டி கொட்டாவி வந்தால் வாய்க்கு நேராகச் சொடக்குப் போட்டு "நாராயணா" என்பார். ஏன் என்று கேட்டால், உயிர் வெளியே போய்விடும் என்று ஒரு நாள் சொல்வார், பூச்சி உள்ளே போய்விடும் என்று இன்னொரு நாள் சொல்வார்.

பழைய_வாத்தியார் | வெள்ளி, மாலை 4:25

அடக்கக் கூடாததை அடக்கச் சொல்லிப் பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன். பாட்டியின் இரண்டாவது காரணம் எனக்கு உடன்பாடு.

டாப்சிலிப்_மணி | வெள்ளி, இரவு 7:30

முடிப்பதற்குள் ஒரு ஆமை. இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா வில்கின்சன் குழுவினர், சிவப்புக்கால் ஆமை ஒன்றுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, கேட்டபோது கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறக்க வைத்தார்கள். மற்ற ஆமைகளுக்குத் தொற்றுகிறதா என்று பார்க்க. தொற்றவே இல்லை. அதற்கு 2011இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது.

கருப்பன்_அம்மா | அடுத்த சனி, மதியம் 12:50

இன்று இரண்டாவது ஊசி. டோக்கன் வாங்கிவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். மொத்தம் இரண்டே கொட்டாவி, அதுவும் உள்ளே மேசை மேல் ஏற்றிய பிறகுதான். மூக்கை நக்கினான், கண்ணில் வெள்ளை தெரிந்தது. முன்பெல்லாம் இது என் கண்ணில் பட்டதே இல்லை. கணவரும் இந்த இழையைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நேற்று வீட்டுப்பாட நேரத்தில் பையனை மாடிக்குக் கூட்டிப் போய்விட்டார், சத்தம் மட்டும் கொஞ்சம் கீழே கேட்டது.

ஊசி போட்ட டாக்டர் எழுதிக்கொண்டே பெரிய கொட்டாவி ஒன்று விட்டார். எனக்குத் தொற்றியது. கம்பவுண்டருக்குத் தொற்றியது. கருப்பன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுக் கதவைப் பார்த்தான்.

ராத்திரி_லாரி | சனி, மதியம் 1:10

டாக்டர் தாடைக்குக் கை கொடுத்தாரா?